ஊன்றுகோல் வியாபாரம்: முதலில் அளவு, பிறகு அலங்காரம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக அரிசி, சீனி, புடைவை, இரும்புச் சாமான் என்று பெரிய சரக்குகளைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு சின்னச் சரக்கு. கடையின் மூலையில் ஒரு வாளிக்குள் நாலைந்து செருகி வைத்திருப்போமே, அந்த ஊன்றுகோல். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பொல்லு என்பார்கள். (வெளியூரில் போய்ப் "பொல்லு இருக்கிறதா?" என்று கேட்டுவிடாதீர்கள். யாரையோ அடிக்கக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.)

சின்னச் சரக்கு என்று சொன்னாலும் வாங்குகிறவருக்கு அது சின்ன விடயம் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி உலகத்தில் வருடத்துக்கு சுமார் 684,000 பேர் தவறி விழுந்து மரணமடைகிறார்கள். அதில் அதிகமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். நமது நாட்டிலும் முதியவர்களின் தொகை வேகமாக ஏறுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 100க்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். 2024 மதிப்பீட்டில் அது 12 பேருக்கு மேல் போய்விட்டது. ஆகவே இந்தச் சரக்குக்கு ஆள் இருக்கிறது, இன்னும் கூடும். ஆனால் நம்மில் எத்தனை பேர் இதை ஒழுங்காக விற்கிறோம்?

எனக்கு யாழ்ப்பாணத்தில் தச்சுச் சாமான் கடை. ஆணி, கீல், பசை, சாண்ட் பேப்பர் வாங்க வருகிற ஓடாவிமார்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் சண்டிலிப்பாயிலிருந்து வருவார். மானிப்பாய் தாண்டி, சங்கானைக்குப் போகும் முன் வருகிற ஊர். கதவு, யன்னல் வேலை குறைந்த காலங்களில் கைத்தடி செய்வார். அவர் கொண்டுவந்து காட்டிய தடிகளால்தான் நான் இந்த வியாபாரத்துக்குள் வந்தேன். கீழே எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டது, பாதி விற்றுப் பார்த்தது.

எந்த மரம்?

முதலில் பனை. யாழ்ப்பாணத்தில் மரம் என்றாலே முதலில் அதுதான். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கும், வெளிறு வெளியில் இருக்கும். பனைக்கு நேர்மாறு. வெளிப்பக்கம்தான் இரும்பு மாதிரி. உள்ளே சோறு. அடிமரத்தில் உறுதி அதிகம், மேலே போகப் போகக் குறையும். ஆகவே ஊன்றுகோலுக்கு எடுப்பது முதிர்ந்த பனையின் அடிப்பாகத்து வெளிப்புறச் சிலாகை. மெருகு போட்டால் பழுப்பு நிலத்தில் கறுப்பு நூல்கள் ஓடுகிற மாதிரி ஓர் அழகு வரும். அதை எந்த வர்ணத்தாலும் செய்ய முடியாது.

அதன் குறை, சிம்பு. அந்தக் கறுப்பு நார் ஒன்று கிளம்பினால் உள்ளங்கைக்குள் ஊசி மாதிரி ஏறும். வயதானவரின் தோல் மெல்லியது, சர்க்கரை வியாதி இருந்தால் புண் ஆறாது. அதனால் சண்டிலிப்பாய் ஓடாவி பனையில் தண்டு மட்டும் செய்வார். பிடிக்கு வேம்போ பூவரசோ புளியோ வைப்பார். இன்னொரு காரணமும் உண்டு. பனையை ஆவியில் வேகவைத்து வளைக்க முடியாது. குடைக்காம்பு மாதிரி வளைந்த பிடி வேண்டுமென்றால் பிரம்பு போன்ற வேறு சாதிதான்.

அந்தப் பனஞ் சிலாகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "பச்சை மரம் ஏன் நானா? பழைய வீட்டுக் கூரை இருக்கு" என்றார். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் கைமரமும் சிலாகையும் பனைதான். யுத்தத்தில் இடிந்த வீடுகளைத் திருத்தும்போது அவற்றைக் கழற்றி விறகுக்குப் போடுகிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல வருடங்களின் பின் திரும்பிவந்த நம்மவர்களின் வீடுகளிலும் அப்படி எத்தனையோ விறகாகிப் போயின. ஐம்பது அறுபது வருடம் கூரையில் காய்ந்த மரம். இனி அது முறுக்காது, சுருங்காது. காசு கொடுத்தும் அப்படிக் காய்ந்த மரம் வாங்க முடியாது. ஆணித் துளையும் உளுத்த இடமும் இல்லாத துண்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பச்சை மரம் தறிக்கப் போகிறவர்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். சண்டிலிப்பாய்ப் பகுதிக்கு அங்கேயே இருக்கிற வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். முதிரை, பாலை போன்ற வன்னி மரங்களை அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ அனுமதியுள்ள மரக்காலையிலோ பற்றுச்சீட்டோடு வாங்க வேண்டும். கருங்காலியை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவர் தேநீரைக் குடித்து முடித்ததும் அனுப்பிவிடுங்கள். ஊன்றுகோலுக்கு மூன்றடி நீளமும் ஒன்றேகால் அங்குலச் சதுரமும் போதும். கதிரை, கட்டில் செய்கிற பட்டறைகளில் கழிவாகக் கிடக்கிற துண்டே தாராளம்.

முதிரை அழகுக்கும் பலத்துக்கும் முதல் தரம். ஆனால் பாரம். 90 சென்ரிமீற்றர் நீளம், 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு தண்டு முதிரையில் ஏறக்குறைய 325 கிராம் வரும். அதே அளவு வேம்பில் 250 கிராம் அளவில் நிற்கும். பிடியும் பூணும் சேர இன்னும் 100 கிராம். 75 கிராம் வித்தியாசம் நமக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து தேறுகிற ஒருவருக்கு ஒரு நாளில் ஆயிரம் தடவை தூக்கி வைக்கும்போது தெரியும். ஆகவே மெலிந்த தாய்மாருக்கு வேம்பு, கனத்த ஆண்களுக்கு முதிரை, பனை என்று நானே சொல்லிக் கொடுக்கிறேன். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். பட்டறைக்காரர் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வது நல்லது.

வேம்பாக இருந்தாலும் முதிரையாக இருந்தாலும் பட்டையும் வெளிறும் முழுதாகப் போக வேண்டும். உளு முதலில் தேடுவது வெளிறைத்தான். ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியைப் பூச்சி அரித்த வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். சாய்ந்திருப்பவருக்குக் கடைசி வரை வெளியில் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாங்கும்போதும் இது முக்கியம். அவுஸ்திரேலியா போகிறவர் மரச் சாமானை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பட்டை ஒட்டியிருந்தாலோ பூச்சித் துளை இருந்தாலோ அங்கே பிடித்து வைப்பார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்து அப்பாவுக்கென்று வாங்கிப் போகிறவர் குப்பையில் போட்டுவிட்டுப் போனால் அடுத்த வருடம் உங்கள் கடைக்கு வரமாட்டார்.

அளவுதான் சரக்கு

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கடைகளில் ஊன்றுகோல் ஒரே நீளத்தில் தொங்கும். 36 அங்குலம். அது ஏறக்குறைய ஆறடி உயரமான ஒருவருக்குப் பொருந்துகிற நீளம். நம் ஊரில் ஆறடி முதியவர் எத்தனை பேர்? ஐந்தடி உயரத் தாய்க்கு 30, 31 அங்குலம் போதும். ஐந்தடி நாலங்குல ஆளுக்கு 32, 33. அவர்கள் கையில் 36 அங்குலத் தடியைக் கொடுத்தால் தோள் மேலே தூக்கும், பாரம் தடியில் இறங்காது. அலங்காரத்துக்குப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கட்டையாக இருந்தால் கூனி நடப்பார்கள், முதுகு நோகும்.

அளவெடுப்பது இரண்டு நிமிட வேலை. வாங்குகிறவர் வழமையாக வெளியில் போடுகிற செருப்பைப் போட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். கை இரண்டும் தளர்ந்து தொங்க வேண்டும். மணிக்கட்டின் மடிப்பு ரேகையிலிருந்து நிலம் வரை எவ்வளவோ, பிடியின் மேல்மட்டம் அவ்வளவு. பழைய ஓடாவிமார் தடியைத் தலைகீழாக நிறுத்தி, பிடியை நிலத்தில் வைத்து, மணிக்கட்டு ரேகைக்கு நேரே பென்சிலால் கோடு போடுவார்கள். அது சரியான முறைதான். அடி இறப்பரின் தடிப்பைக் கழித்துக்கொண்டு வெட்ட வேண்டும். வெட்டியபின் ஊன்றி நிற்கும்போது முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். 15 முதல் 30 பாகை என்று வைத்தியசாலைகளில் சொல்வார்கள். நம் வீடுகளில் உள்ளே வெறுங்கால், வெளியே செருப்பு. அதனால் வீட்டுக்குள் தடி அரை அங்குலம் உயரமாகத் தெரியும். வெளியில்தான் விழுகிற ஆபத்து அதிகமென்றால் செருப்போடு எடுத்த அளவே சரி. வீட்டை விட்டு வெளியேறாதவராக இருந்தால் வெறுங்காலில் எடுங்கள்.

மகன் வந்து "வாப்பாவுக்கு ஒன்று தாங்க" என்று கேட்டால் நான் வெட்டிக் கொடுப்பதில்லை. வீட்டுக்குப் போய் நூலால் அளந்து கொண்டுவரச் சொல்வேன். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு அதற்காகவே வருகிறார்கள். ஐந்து நிமிடம் மினக்கெட்டதால் விற்பனை ஒன்றும் குறையவில்லை.

எந்தக் கையில் பிடிப்பது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வலது கால் பலவீனம் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலவீனமான காலோடு சேர்ந்து தடியும் முன்னே போக வேண்டும். பலர் நோகிற பக்கத்திலேயே பிடிப்பார்கள். பிடி ஒரு பக்கத்துக்கென்று செதுக்கியதாக இருந்தால் இதை விற்கும் முன்பே கேட்டாக வேண்டும்.

வலுவும் வழுக்கலும்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய தடி வைத்திருந்தார். பார்க்கத் திறமான தடி, அடியில் பளபளவென்று பித்தளைக் குப்பி. மண் ஒழுங்கையில் நன்றாகத்தான் இருந்தது. மகள் வீட்டு மாபிள் தரையில் ஈரத்தில் வைத்தவுடன் வழுக்கியது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அந்தத் தடியைச் செய்தவர் நல்ல வேலைக்காரர். விற்றவர் ஐம்பது நூறு ரூபா மிச்சம் பிடிக்க அடி இறப்பரை விட்டுவிட்டார்.

இறப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு இதில் சிக்கனம் வேண்டாம். அடி இறப்பர் கடைகளில் முக்கால் அங்குலம், எட்டில் ஏழு அங்குலம் (ஏறக்குறைய 19, 22 மில்லிமீற்றர்) என்று குறித்த அளவுகளில் வரும். ஓடாவியிடம் முதலே சொல்லித் தண்டின் அடியை அந்த அளவுக்கு இழைத்து வாங்குங்கள். அவர் தன் மனதுக்குப் பட்ட அளவில் கூராக்கிவிட்டால் பிறகு துணி சுற்றித்தான் இறப்பர் மாட்ட வேண்டிவரும். இறப்பரின் அடியில் வளையம் வளையமாக இருக்கிற வரி தேய்ந்து மழுங்கினால் மாற்ற வேண்டும். நான் தடியோடு இன்னொரு இறப்பரும் சேர்த்துக் கொடுக்கிறேன். அதன் விலை தடியின் விலைக்குள் அடங்கும்.

அடுத்தது பிடியும் தண்டும் சேருகிற மூட்டு. முறிகிற தடிகளில் அதிகமானவை அங்கேதான் முறியும். பிடியை மேலிருந்து ஆணியால் அறைந்த தடியை வாங்கவே வேண்டாம். ஆணி மரத்தைப் பிளக்கும், பிறகு துருப்பிடித்துத் தளரும். 8 மில்லிமீற்றர் மரைக்கம்பி, தண்டுக்குள் இரண்டு அங்குலம், பிடிக்குள் ஓர் அங்குலம், அரால்டைட் பசை, ஒரு முழு நாள் காயவிடுதல். சண்டிலிப்பாய் ஓடாவியின் முறை இது. மூட்டைச் சுற்றிப் பித்தளைப் பூண் ஒன்று போடுவார். அது அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் தண்டின் தலை பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது. தடியை வாங்கும்போது பிடியைப் பற்றி முறுக்கிப் பாருங்கள். நிலத்தில் ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அலங்காரம் வீண் செலவா?

சில வியாபாரிகள் இதில் கணக்குப் பார்ப்பார்கள். "தடிக்கு என்ன பூ வேலை? கிழவர் ஊன்றத்தானே கேட்கிறார்" என்பார்கள். என் அனுபவம் வேறு. தடி தேவைப்படுகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கையில் எடுப்பதில்லை. வெட்கம். வைத்தியசாலைச் சாமான் மாதிரி இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போக மனம் வராது. கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுச் சுவரைப் பிடித்து நடப்பார்கள். ஒரு நாள் விழுவார்கள். கண்ணுக்கு அழகான, தன் பெயரின் முதலெழுத்துப் பொறித்த தடி என்றால் பேரப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டே எடுத்துப் போகிறார்கள். ஆகவே அலங்காரமும் ஊன்றுகோலின் வேலையில் ஒரு பங்கு. அதற்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்கக்கூடாது.

ஆனால் அலங்காரம் தண்டைத் தின்னக்கூடாது. 20 மில்லிமீற்றர் தண்டில் அழகுக்கென்று சுற்றிவர 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வரி வெட்டினால் அந்த இடத்தில் மிஞ்சுவது 16 மில்லிமீற்றர். ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று தோன்றும். உருண்டைக் கம்பின் வளைவுப் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போவதால் பலம் பாதியாகிவிடும். சந்தேகமென்றால் 0.8ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். கடைசல் பட்டறையில் குமிழ் குமிழாகக் கடைந்த தடிகள் பார்க்க அழகு, ஊன்ற ஆகாது என்பதன் காரணம் இதுதான். ஆழமாகச் செதுக்க ஆசைப்பட்டால் பிடியில் செதுக்கட்டும். அதிலும் உள்ளங்கை படுகிற இடம் மொழுமொழு என்றிருக்க வேண்டும்.

தண்டுக்கு ஏற்றது மேலோடு போகிற வேலைகள். ஒன்று, சூட்டுக்கோலால் எழுதுவது. மரத்தை வெட்டாமல் கருக்கிக் கோடு போடுவதால் பலம் குறையாது. சண்டிலிப்பாய் ஓடாவி பற்றவைக்கிற மின்சாரக் கோலையே (ரேடியோ திருத்துவோர் வைத்திருப்பது) இதற்குப் பாவிக்கிறார். வேம்பு, பூவரசு போன்ற வெளிர் நிற மரத்தில் நன்றாக எடுபடும். பனையில் கறுப்பு நாரோடு கலந்து மறைந்துவிடும்.

மற்றது அரக்கு வேலை. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாரம்பரியம் இருக்கிறது. மாத்தளைப் பக்கம் ஹப்புவிட என்ற கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அரக்கைத் தணலில் இளக்கி, நிறம் சேர்த்து, நூலாக இழுத்து, தடியின் மேல் சுற்றிப் பெருவிரல் நகத்தாலேயே நறுக்கிப் பூவும் கொடியும் ஆக்குவார்கள். நகத்தால் செய்வதால் சிங்களத்தில் 'நியபொத்து' வேலை என்று பெயர். கொடிக்கம்பு, ஈட்டிக் காம்பு, ஏட்டுச் சட்டம், கைத்தடி எல்லாம் இப்படிச் செய்யப்பட்டன. தங்காலைக்கு அருகில் அங்குல்மடுவவில் கடைசலில் சுழல விட்டு அரக்கு ஏற்றுகிற இன்னொரு முறை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தக் கைவேலையையும் விவரித்திருக்கிறார். இந்தியாவில் சன்னபட்டணத்து மரப் பொம்மைகளில் காண்பதும் கடைசலில் அரக்கு ஏற்றுகிற முறைதான்.

வியாபாரிக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்து முதிரைத் தண்டுகளை மொட்டையாகச் செய்து, மாத்தளைக்கு அனுப்பி அரக்கு ஏற்றி எடுக்கலாம். நான் ஒரு தடவை ஆறு தண்டு அப்படிச் செய்வித்தேன். ஆறும் நல்லூர்த் திருவிழா முடியும் முன் போய்விட்டன. அரக்கு சூட்டுக்கு இளகும் என்பதால் பிடியில் ஏற்றக்கூடாது, வெயிலில் நிற்கிற காருக்குள் விடவும் கூடாது என்று சொல்லி விற்க வேண்டும். அதே காரணத்துக்காகப் பிடிக்கு அரக்கு பொலிஷும் வேண்டாம். கை வியர்வையில் பிசுபிசுக்கும். லின்சீட் எண்ணெய் இரண்டு மூன்று தடவை ஊறவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

யானைத் தந்தம், ஆமை ஓடு, மான் கொம்பு எதையும் பிடிக்கோ பூணுக்கோ தொட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு இருக்கிறது. "வீட்டில் பழையது கிடந்தது" என்று கொண்டுவருவார்கள். வேண்டாம். எருமைக் கொம்பும் தேங்காய்ச் சிரட்டையும் மெருகேற்றினால் அதற்குக் குறைந்தவை அல்ல.

நமது பள்ளிவாசல்களில் ஜும்ஆவின்போது கதீப் மிம்பரில் ஏந்துகிற அஸாவும் இந்த ஓடாவிமார் செய்யக்கூடிய வேலைதான். அதற்கு மணிக்கட்டு அளவு பொருந்தாது. நீளம் கூட. ஊன்றி நடப்பதற்கல்ல என்பதால் கடைசல் வேலையும் தாராளமாகச் செய்யலாம். நிருவாக சபைகள் அதைக் கொழும்பில் தேடாமல் ஊர் ஓடாவியிடம் கேட்கலாம்.

விலையும் கூலியும்

அலுமினியத்தில் மடிக்கிற தடி வருகிறது. பொத்தானை அமுக்கி நீளத்தை அங்குலம் அங்குலமாகக் கூட்டிக் குறைக்கலாம், மலிவு, பாரமில்லை. அது நல்ல சரக்கு, நானும் விற்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்குத் தேவைப்படுகிறவருக்கு அதைத்தான் கொடுப்பேன். கைவேலைத் தடியை அந்த விலைக்கு இறக்க நினைத்தால் ஓடாவியின் வயிற்றில்தான் அடிக்க வேண்டும். அதைத்தான் நம்மில் பலர் செய்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூலி ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தடி, ஐந்து நாள் வேலை. நாட்கூலி 4,000 ரூபா என்றால் 20,000. மரம் தடிக்கு 400 வீதம் 4,800. அடி இறப்பர் 150 வீதம் 1,800. பூண், மரைக்கம்பி, பசை, மெழுகு 250 வீதம் 3,000. மொத்தம் 29,600. பன்னிரண்டில் ஒன்று எப்படியும் பழுதாகும். பதினொன்றால் பிரித்தால் தடி ஒன்று ஏறக்குறைய 2,700. நமது இலாபம் நூற்றுக்கு முப்பது வைத்தால் 3,500. சூட்டுக்கோல் வேலைக்கு அரை நாள் என்றால் இன்னும் 2,000 கூலி. இந்தக் கணக்கில் எங்கே குறைப்பீர்கள்? "1,500 ரூபாவுக்குத் தா, டசின் கணக்கில் எடுக்கிறேன்" என்றால் அவர் மூட்டில் ஆணி அறைவார், இறப்பரை விடுவார், காயாத மரத்தில் செய்வார். கடைசியில் விழுகிறவர் யாரோ ஒருவரின் தகப்பன்.

இன்னொரு பழக்கம், "வைத்துவிட்டுப் போ, விற்றால் காசு". பதினைந்து தடியைக் கடையில் போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்க ஓர் ஓடாவியால் முடியாது. அவர் மேசன் வேலைக்குப் போய்விடுவார். சண்டிலிப்பாய்க்காரரும் ஒரு வருடம் அப்படித்தான் தடியை விட்டுவிட்டுக் கொங்கிறீட்டுக்குப் பலகை அடிக்கப் போனார்.

நமது வியாபாரச் சட்டத்தில் இதற்கு அழகான வழி இருக்கிறதே. ஸலம் என்றால் சரக்கின் இனம், தரம், அளவு, தொகை, ஒப்படைக்கும் நாள் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பது. இஸ்திஸ்னாஃ என்பது செய்வித்து வாங்குகிற ஒப்பந்தம். இது ஹனபி மத்ஹபில் தனி ஒப்பந்தமாக ஏற்கப்படுகிறது. ஷாஃபி மத்ஹபினர் ஸலமின் நிபந்தனைகளோடு சேர்த்தே பார்ப்பார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது "நல்ல தடி பத்து" என்று எழுதக்கூடாது. மரத்தின் பெயர், நீளம், தண்டின் விட்டம், அடியின் விட்டம், மூட்டு முறை, பூண், மெருகு என்று எழுதினால் நாளைக்கு இருவருக்கும் மனஸ்தாபம் வராது.

நீளத்தை மட்டும் 37 அங்குலமாக எழுதி வாங்குங்கள். கடையில் ஒரு வாளும் அரமும் வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்து அடியில் வெட்டிக் கொடுக்கலாம். தண்டு அடிநோக்கிக் கூம்பாக ஒடுங்கினால் ஐந்தங்குலம் வெட்டியபின் இறப்பர் ஏறாது. எனவே அடியிலிருந்து எட்டங்குலம் ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

என் கடையில் இதற்கென்று ஒரு கொப்பி இருக்கிறது. வாங்கியவரின் பெயர், எந்தக் கை, நீளம் எவ்வளவு, செருப்போடா வெறுங்காலா, எந்த மரம், எந்தத் திகதி, தொலைபேசி இலக்கம். ஆறு மாதம் கழித்துக் கடைப் பையன் அழைத்து, இறப்பர் தேய்ந்துவிட்டதா, பிடி ஆடுகிறதா என்று கேட்பான். ஆடினால் தடியைக் கொண்டுவரச் சொல்லி வெள்ளிக்கிழமை பின்னேரம் சண்டிலிப்பாய்க்கு அனுப்புவேன். திங்கட்கிழமை திரும்பி வரும். அதுவரை பாவிக்க அலுமினியத் தடி ஒன்று இரவலாகக் கொடுப்பேன்.